பேய் இருக்கா இல்லையான்னு முதல்ல கேக்காதீங்க

பேய்க்குப் பயப்படுகிறவருக்கு மலேசியாவில் நம்ம ஊர்களில் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா போ." இன்னொன்று, முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் திருநீறு போட்டுக் கயிறு கட்டுவது. இரண்டையும் பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் கடும் பயத்தில் தவிப்பவருக்கு இவை மட்டும் போதாது. பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பயத்தைப் பயமாகவே எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேயை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அந்த வைத்தியம் ஒன்றுதான்.

படம் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் கெடுவது நோய் அல்ல. ஆறு மாதத்துக்கு மேல் பயம் நீடிக்கிறதா, இரவில் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்கிறாரா, அம்மா கதவருகில் நிற்காமல் குளிக்க மாட்டேன் என்கிறாரா, ஆலையில் இரவு ஷிப்ட் கிடைத்தால் வேலையையே விட நினைக்கிறாரா என்று பாருங்கள். பயம் அன்றாட வாழ்க்கையை இப்படி முடக்கினால் அது அச்சநோய். பெரியவர்களுக்கும் வரும். வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பயம் ஏன் வளர்கிறது? லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கழிவறை பின்பக்கம். பாதி தூரம் போனதும் நெஞ்சு படபடக்கும், மயிர் கூச்செறியும். திரும்பி ஓடினால் ஒரு நிமிடத்தில் நிம்மதி. "ஓடியதால் தப்பித்தோம்" என்று மூளை பதிந்துகொள்ளும். மறுநாள் பயம் இன்னும் கூடும். டார்ச் லைட்டை விடாமல் பிடித்திருப்பது, கட்டிலுக்கடியில் பத்து முறை பார்ப்பது, யாரையாவது துணைக்கு நிறுத்துவது எல்லாமே ஓட்டத்தின் வேறு வடிவங்கள். காலையில் சாமி கும்பிடுவது பக்தி, அதை யாரும் நிறுத்த வேண்டாம். இருட்டில் மந்திரம் சொன்னால்தான் கால் நகரும் என்ற நிலை வந்தால், அதையும் மெல்ல விடப் பழக வேண்டும்.

சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊரில் இரவு சும்மா இருப்பதில்லை. பகலில் காய்ந்த தகரக் கூரை இரவில் குளிர்ந்து சுருங்கும்போது யாரோ தட்டுவது போல் சத்தம் வரும். எலியை ஒழிக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை, பெண் அலறுவது போல் கத்தும். முசாங் என்கிற மரநாய் நடமாடும் இடத்தில் திடீரென்று பாண்டான் (ரம்பை) இலை வாசம் வரும். வாசம் வந்தால் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேய் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது போதும். பகலில் கூட்டிப்போய் அந்தக் கூகைப் பெட்டியைக் காட்டுங்கள். இதனால் மட்டும் பயம் போகாது, ஆனால் பயத்துக்குக் கிடைக்கும் தீனி குறையும்.

"பேய் அமுக்குது" என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகளை மூளை செயலிழக்கச் செய்து வைக்கும். அந்தப் பூட்டு திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, மூச்சு முட்டும், அறையில் யாரோ நிற்பதாகத் தெளிவாகத் தோன்றும். சில விநாடியோ ஓரிரு நிமிடமோதான். தூக்கம் குறைந்தவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறிச் செய்பவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். பக்கவாட்டில் படுங்கள், ஒரே நேரத்தில் தூங்கி எழுங்கள். வரும்போது போராட வேண்டாம். ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

இனி வைத்தியம். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் படிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பகலில் பின்கட்டில் தனியாக நிற்பது 2 என்றால், மாலை மங்கும்போது நிற்பது 4, இரவில் விளக்குப் போட்டு நிற்பது 5, விளக்கை அணைத்து நிற்பது 8. சின்னப் படியில் தொடங்குங்கள். போகும் முன் "என்ன நடக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதுங்கள். வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மதிப்பெண் பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம், வேகமாக இழுத்தால் தலைதான் சுற்றும். ஒரே படியை வாரத்தில் நாலைந்து நாள் செய்து, பயம் 2க்கு வந்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

இது கெடும் இடங்கள் உண்டு. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்தால் அன்றைய பயிற்சி எதிராகவே வேலை செய்யும். பிள்ளைக்குத் தெரிய அம்மா கதவுக்குப் பின்னால் நின்றால் அது தனியாக நின்றதாகாது. இரண்டு வாரம் விட்டுவிட்டால் பயம் திரும்பலாம், அது தோல்வியல்ல, ஒரு படி கீழே இறங்கித் தொடருங்கள். மிக மோசமானது, "தைரியம் வரட்டும்" என்று பிள்ளையை இருட்டறையில் போட்டுப் பூட்டும் மாமாக்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். படியில் ஏறுவது பிள்ளையின் சம்மதத்தோடு நடக்க வேண்டும்.

சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் பேயைக் கூப்பிடுவதையும் நிறுத்துவோம். பெரியவர்கள் சொல்லும் கதைகள் சிலவற்றின் அடியில் நிஜச் சாவுகள் கிடக்கின்றன. 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத நம் ஆட்கள் எத்தனை பேர்! அந்த வரலாற்றை வரலாறாகவே சொல்லுங்கள். பிள்ளைக்குப் பயத்துக்குப் பதில் துக்கமும் மரியாதையும் வரட்டும்.

பகலிலும் குரல் கேட்கிறது, கட்டளை இடுகிறது என்றாலோ, காய்ச்சலோடு திடீரென்று ஆளே மாறிப்போனாலோ, வலிப்பு வந்தாலோ அது பேய்ப் பயம் அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது எதையும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். பயம் மட்டும்தான், ஆனால் வீட்டுப் பயிற்சியில் நகரவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் மனநல உதவி வேண்டும் என்று கேளுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. கிளினிக்குப் போகும்போது அந்தப் படி எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்தப் படியில் நின்றுபோனது என்று டாக்டர் அதைப் பார்த்தே தொடங்கலாம்.