ரிப்பேர் பார்த்தவரும் களத்தில்தான் நின்றார்

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் முன்னாள் படைவீரர்களுக்கு நடந்த விழாவில் அப்பாவுக்கு நேர்ந்ததை வீடியோவில் பார்த்துவிட்டு நிறையப் பேர் விசாரித்தீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. "போர்க்களத்தில் நின்றவர்கள் மட்டும் மேடைக்கு வாருங்கள்" என்றார்கள். அப்பா எழுந்தார். "ஐயா, நீங்கள் விமானம் ரிப்பேர் பார்த்தவர்தானே, உட்காருங்கள்." அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அடிபட்ட விமானம் எங்கே கிடக்கும்? களத்தில்தானே? அதைச் சரிசெய்தவர் வேறெங்கே நின்றிருப்பார்?

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் அப்பா விமானப்படை மெக்கானிக்காகக் கிழக்கு முனையில் இருந்தார். டகோட்டா என்ற சரக்கு விமானத்தின் உடல் அலுமினியத் தகடு. ஆனால் வாலில் அசையும் பாகங்கள் துணி போர்த்தியவை. அதில் குண்டு துளைத்தால் ஊசியும் மெழுகு தடவிய நூலும்தான் மருந்து. தைத்து, ஒட்டுத்துணி போட்டு, டோப் என்கிற பூச்சைப் பூசினால் காய்ந்ததும் மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். தகடு கிழிந்திருந்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ரிவெட் அடிப்பார், மற்றவர் உள்ளே இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். அப்பா ஒல்லி என்பதால் எப்போதும் உள்ளே போனது அவர்தான். ரிவெட் அடிக்கும் சத்தத்தில் இடது காது மந்தமானது அங்கேதான். இன்றும் வீட்டில் பிளாஸ்டிக் வாளி கீறினால், கீறலின் நுனியில் சூடேற்றிய ஊசியால் ஒரு துளை போடுவார். அதற்குமேல் கீறல் ஓடாது.

அப்பா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1941இல் சீனாவின் சுய்ஃபூவில் ஜப்பானியக் குண்டு ஒரு டிசி-3 (டகோட்டாவின் பயணிகள் வடிவம்) விமானத்தின் வலது இறக்கையைச் சிதைத்தது. ஹாங்காங்கிலிருந்து டிசி-2 என்ற அதற்கு முந்தைய சிறிய ரக விமானத்தின் இறக்கையை இன்னொரு விமானத்தின் வயிற்றடியில் கட்டிக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அந்த இறக்கை சுமார் ஐந்தடி குட்டை. விமானம் அப்படியே பறந்து ஹாங்காங் வந்து சேர்ந்தது.

"உயிரைப் பணயம் வைத்தவர் விமானிதானே" என்பீர்கள். சரி, மறுக்கவில்லை. அந்த விமானி எதை நம்பி ஏறினார்? 'பறக்கலாம்' என்று ரிப்பேர் பார்த்தவர் போட்ட கையெழுத்தை நம்பி. "துப்பாக்கி பிடிக்கவில்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் முதலில் தேடி வந்து குண்டு போட்டது நம் விமானத்தளங்களில்தான். அங்கே தரையில் நின்றவர்கள் யார்? "உன் அப்பா என்பதால் பேசுகிறாய்" என்றால், ஆமாம், அதனால்தான் பேசுகிறேன். நான் பேசாமல் யார் பேசுவார்?

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான், "ஓ, பைலட் இல்லையா?" என்று முகம் சுருங்கினார்கள். வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு நிற்கும் பையனை நாம் பெயர் கேட்டு அழைத்திருக்கிறோமா? கையில் அழுக்குப் படிந்தவரை இந்த ஊர் இரண்டாம் வரிசையில்தான் உட்கார வைக்கிறது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, இனி எத்தனை விழாவுக்கு வருவார்?

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பதக்கங்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். சேரன்மகாதேவி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்தபடி, "பின்சக்கரத்துப் பேரிங் தேய்ந்திருக்கிறது, டிரைவர் தம்பியிடம் சொல்லிவிடு" என்றார்.

இறங்கும்போது சொல்லிவிட்டு வந்தேன்.