என் பெயரில் இன்னொரு கடன்காரி

பெயருக்கு முன்னால் வரும் ஓர் எழுத்துக்கும் அதை அடுத்த ஒரு புள்ளிக்கும் இந்த நாட்டு அலுவலகங்கள் எவ்வளவு மரியாதை கொடுக்கின்றன என்பதை எல்லையோரத்தில் வாழ்க்கைப்பட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் பிறந்தது உடுமலைப்பேட்டைப் பக்கம். மணமாகி வந்தது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் என் இனிஷியல் முன்னால் நிற்கிறது, கேரளத்து ரேஷன் அட்டையில் அது பின்னால் போய்விட்டது, பான் அட்டையிலோ அந்த ஓர் எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகவே உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க நான் வாங்காத கையெழுத்தில்லை, எழுதிக் கொடுக்காத உறுதிமொழிப் பத்திரமில்லை. சமையல் எரிவாயு இணைப்பை மாற்றப் போனபோது ஒரு புள்ளிக்காக மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவள் நான்.

அப்படிப்பட்ட என் பெயரில், என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி, எவனோ ஒருவன் தவணையில் கைப்பேசி வாங்கியிருக்கிறான்!

வீட்டுக் கூரையைச் செப்பனிடக் கடன் கேட்டுப் பொள்ளாச்சியில் ஒரு வங்கிக்குப் போயிருந்தபோதுதான் இது தெரிந்தது. திருமணத்துக்கு முன்பிருந்தே அங்கு எனக்குக் கணக்கு உண்டு. மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "மேடம், நீங்க ஏற்கெனவே ஒரு போன் லோன்ல அஞ்சு தவணை பாக்கி வெச்சிருக்கீங்களே" என்றார். கடன் அறிக்கையில் என் பான் எண் சரியாக இருந்தது, பிறந்த தேதி சரியாக இருந்தது. பெயரில் ஓர் எழுத்து கூடுதல், கைப்பேசி எண் நான் வாழ்நாளில் பார்த்தறியாதது, முகவரி பாதி என்னுடையது, பாதி யாருடையதோ. கடன் கொடுத்த நிறுவனம் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறது. எனக்கு எரிவாயு உருளை தர மறுத்த அந்தப் புள்ளி, அவனுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் தரும்போது மட்டும் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

காவல் நிலையத்துக்குப் போனேன். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவர், கடன் கொடுத்த கடை தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் என் ஆதாரைத் திருப்பிப் பார்த்து, முகவரி மலையாளத்தில் இருக்கிறதே, உங்கள் ஊரிலேயே கொடுங்கள் என்றார். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறருடைய அடையாள விவரத்தை மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு இரண்டாம் முறை போனபோதுதான், "டீச்சர் எல்லாம் படிச்சிட்டு வந்திருக்காங்க" என்ற சிரிப்போடு புகாரை வாங்கிக்கொண்டார்கள். படிக்காமல் வருபவர்களை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

என் எண்கள் எங்கிருந்து கசிந்தன என்று கேட்காதீர்கள். எங்கிருந்து கசியாமல் இருந்திருக்கும் என்று கேளுங்கள். மகள் திருமணத்துக்கு மண்டபம் பிடித்தபோது ஆதார் நகல் கொடுத்தேன். பழனியில் ஓர் இரவு தங்க, சிம் வாங்க, பாத்திரச் சீட்டில் சேரக்கூட நகல் கொடுத்தேன். இரு பக்கமும் எடுத்து, கையெழுத்திட்டு, எதற்காகக் கொடுக்கிறேன் என்று ஒரு சொல்கூட எழுதாமல் கொடுத்தேன், அது என் மடமை. ஆனால் வாங்கி வைத்தவர்களின் மடமைக்கு யார் பொறுப்பு? தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயப்படுத்த வழி செய்த 57ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்றே செல்லாதாக்கிவிட்டது. 2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு வட்டார அலுவலகம், நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நல்ல புத்தி வந்தது என்று நினைப்பதற்குள், இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றார்கள். லாட்ஜ் வரவேற்பு மேசையில் இரவு பதினோரு மணிக்குத் தூங்கும் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவளுக்கு வழக்கமான எச்சரிக்கை என்றால் என்ன என்பதை அவர்களே வந்து விளக்கட்டும்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. (எல்லை தாண்டினால் அதுவே ஜெராக்ஸ் கடை.) புகாருக்கு நகல் எடுக்கப் போனபோது முதன்முறையாக அந்தக் கடைக் கணினியின் திரையை நிதானமாகப் பார்த்தேன். ஊரே தன் ஆவணங்களை அந்தத் தம்பியின் வாட்ஸாப்புக்கு அனுப்பி வைத்திருக்கிறது: பென்ஷன் புத்தகம், பத்திரத்தின் முதல் பக்கம், கைரேகையோடு கூடிய பழைய கிரயப் பத்திரம். பத்திரத்துக் கைரேகையிலிருந்து அச்சு வார்த்து, ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தாலே பணம் தரும் ஆதார்வழிப் பணப் பரிமாற்றத்தில் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் இந்த நாட்டில் பதிவாகியிருக்கின்றன. என்னுடையதை அழித்துவிடு என்றேன். தம்பி நல்லவன், உடனே தேடினான். என் பெயரில் நான்கு கோப்புகள் வந்தன, அவற்றில் ஒன்று 2021ஆம் ஆண்டில் அனுப்பியது. கடவுச்சொல் போட்ட கோப்புதானே, பயமில்லை என்றான். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் மின் ஆதாரின் கடவுச்சொல் என்று தரவிறக்கும் இடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டின் மேலேயே சாவியை ஒட்டிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

இப்போது ஆதாரில் என் கைரேகை, கருவிழிப் பதிவுகளை யாரும் பயன்படுத்தாதபடி பூட்டிவிட்டேன். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் என் பெயரில் ஓடிக்கொண்டிருந்த அந்த அந்நிய எண்ணைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதை ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டு, நாட்டில் உள்ள நான்கிலிருந்தும் வாங்கிப் பார்த்தேன். மூன்றில் அந்தக் கைப்பேசி இருந்தது. முறையிட்டால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த நூறு ரூபாயை நான் கேட்காமல் விடப்போவதில்லை. கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் நான் அலைந்த பேருந்துக் கட்டணத்துக்காவது ஆகட்டும்.

நேற்றுக் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடனை நான் வாங்கவில்லை என்ற என் முறையீட்டைப் பரிசீலிக்க வேண்டுமாம். அதற்கு ஆதாரின் இரு பக்க நகல், பான் நகல், மூன்று மாதக் கணக்கு விவரம், எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

போட்டோஸ்டாட் கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன், திறந்திருக்கிறாயா என்று. "திறந்துதான் இருக்கு டீச்சரே, வெயில்ல எதுக்கு வர்றீங்க, வாட்ஸாப்பில போடுங்க" என்றான்.