"இதெல்லாம் எங்க ஆத்தாவுக்கே தெரியும்"

வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி விழாவில் சீஃப் கெஸ்ட், என் உளவியல் பிள்ளைகள் செய்த சோதனை அட்டையைக் காட்டிக் கேலி பேசிய விஷயம்தான். வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று என்பது இன்பாக்ஸைத் திறந்தாலே தெரிகிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். "விடுங்க மேடம், சீஃப் கெஸ்ட்னா அப்படித்தான் பேசுவாங்க" என்று நாலு பேர் ஆறுதல் சொன்ன பிறகுதான் கோபமே வந்தது.

அவர் மேடையில் தூக்கிப் பிடித்து ஆட்டினாரே ஓர் அட்டை, அது என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று பேர் நாலு சாயங்காலம் உட்கார்ந்து செய்தது. பத்து வரிசை, வரிசைக்குப் பத்துச் சொல். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில், 'நீலம்' என்ற சொல் பழுப்பு மையில், இப்படி. சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லவேண்டும், அதுதான் சோதனை. ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. ஒவ்வொரு நிறமும் சரியாக இருபது தடவை வரவேண்டும். முதலில் மஞ்சள் எடுத்தார்கள். வெள்ளை அட்டையில் மஞ்சள் ஸ்கெட்ச் பேனா கண்ணுக்கே தெரியவில்லை, கிழித்துப் போட்டார்கள். அப்புறம் ஊதா. அங்கேதான் சண்டை. ஒருத்திக்கு ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம், இன்னொருத்திக்கு ஊதா என்றால் இங்க் நீலம். நீலமோ ஏற்கெனவே அட்டையில் இருக்கிறது. அந்தச் சொல்லில் சோதனைக்கு உட்கார்ந்தவர் தடுமாறினால் எதனால் தடுமாறினார் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஊதாவைத் தூக்கிவிட்டுக் கறுப்பைப் போட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. அவர்களாகவே கண்டுபிடித்தது. ரெக்கார்டு நோட்டில் எழுத ஒரு வரிகூட இல்லாத அந்தச் சண்டைதான் மூன்று வருடப் படிப்பில் நான் சொல்லித்தர விரும்புகிற மொத்தப் பாடமும்.

அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சொன்னார்: "படிக்கிறது ஈஸி, கலர் சொல்றது கஷ்டம். இதுக்கு அமெரிக்காக்காரன் ஆராய்ச்சி பண்ணணுமா? இதெல்லாம் எங்க ஆத்தாவுக்கே தெரியும்!" கைதட்டல்.

சரி, அந்த ஆத்தாவிடமே போவோம். அதே பேச்சில் ஐந்து நிமிடம் முன்னால்தான், தன் ஆத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு வைத்தே தன்னைப் படிக்கவைத்தார் என்று உருகி உருகிச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஐயா, எழுத்துத் தெரியாத ஒருவருக்கு அந்த அட்டையில் தடுமாற்றமே வராது! அவருக்கு அது வெறும் நிறங்கள். படபடவென்று சொல்லிக்கொண்டே போவார். எழுத்தைப் பார்த்ததும் படிக்காமல் இருக்க முடியாத நிலைக்குப் பழகிப்போன நாம்தான் திக்குவோம். சோதனை சொல்வதே அதைத்தான். ஆத்தாவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒரே விஷயத்தைப் பார்த்து, ஆத்தாவுக்கே தெரியும் என்றார் அந்த மனிதர்.

ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சோதனையை வெளியிட்டது 1935இல். டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்துக் கல்லூரி ஒன்றில் அவர் செய்த ஆய்வு. வெறும் நிறக் கட்டங்கள் 100க்குப் பெயர் சொல்ல சராசரியாக 63.3 விநாடி. அதே நிறங்கள் பொருந்தாத சொற்களாக வந்தபோது 110.3 விநாடி. இது பாதிதான். மறுபாதியை யாரும் சொல்வதில்லை. பொருந்தாத மையில் இருந்தாலும் சொல்லை மட்டும் படிக்கச் சொன்னபோது, கறுப்பு மையில் படித்ததைவிட இரண்டு விநாடிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. தடுமாற்றம் ஒரு பக்கம்தான். இதை எந்த ஆத்தா சொன்னார், எந்த மாமா சொன்னார்?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முடிவைப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்ட விதத்தைப் பாருங்கள். முடிவு எப்போதும் ஒரு வரி. ஒரு வரியைக் கேட்டால் யாருக்கும் "இது தெரிஞ்சதுதானே" என்றுதான் தோன்றும். நேர்மாறான வரியைச் சொன்னாலும் அப்படித்தான் தோன்றும்.

ஸ்பெர்லிங் என்ற உளவியலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது அவர் சோதனைதான், வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடும் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது செய்தது, 1960இல் வெளிவந்தது. மூன்று வரிசையில் 12 எழுத்துகள், விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னி மறையும். என்ன பார்த்தீர்கள் என்றால் நாலு, மிஞ்சினால் ஐந்து எழுத்து சொல்வார்கள். கூடவே ஒரு புலம்பல்: "எல்லாத்தையும் பார்த்தேன், சொல்றதுக்குள்ள மறந்துபோச்சு." இந்தப் புலம்பல் உண்மையா, சாக்கா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சொல்லச் சொன்னால், சொல்கிற நேரத்திலேயே அது அழிந்துகொண்டிருக்கிறது. அளக்கப் போனாலே கரைகிற பொருள்.

ஸ்பெர்லிங் எழுத்துகள் மறைந்த பிறகு ஒரு ஒலி கொடுத்தார். உச்ச ஒலி என்றால் மேல்வரிசை, நடு ஒலி என்றால் நடுவரிசை, கீழ் ஒலி என்றால் கீழ்வரிசை. அந்த ஒரு வரிசையை மட்டும் சொன்னால் போதும். எந்த வரிசை என்று முன்கூட்டித் தெரியாது. எந்த வரிசையைக் கேட்டாலும் நாலில் மூன்று சொன்னார்கள். அப்படியானால் ஒலி கேட்ட கணத்தில் மூன்று வரிசையும் அதே அளவு உள்ளே இருந்திருக்க வேண்டும், அதாவது ஒன்பது எழுத்து போல. ஒலியை ஒரு விநாடி தாமதித்தால் பழையபடி நாலுதான். புலம்பியவர்கள் பொய் சொல்லவில்லை! சிலபஸ் முழுக்க எழுதச் சொல்லாமல், எங்கிருந்தோ ஒரு கேள்வி கேட்டே முழுப் பாடமும் படித்திருக்கிறானா என்று தெரிந்துகொள்கிற வாத்தியார் புத்தி. ஒரு பியானோ கட்டை அளவு சத்தத்தை வைத்துக்கொண்டு கண்ணுக்குள் கரைந்துகொண்டிருப்பதை எண்ணியிருக்கிறார் மனிதர். இதைப் பார்த்து மெய்சிலிர்க்காவிட்டால் போகட்டும், சிரிக்காமலாவது இருக்கலாம்.

அடுத்தது, சீஃப் கெஸ்ட் சொன்ன அந்த ஏழு. "மனித மூளையில ஏழு விஷயம்தான் நிக்கும், மில்லர்னு ஒரு விஞ்ஞானி சொல்லியிருக்கார். அதான் நம்ம முன்னோர்கள் ஏழு ஸ்வரம், ஏழு நாள், ஏழு கடல்னு வெச்சாங்க." இதற்குத்தான் அதிகக் கைதட்டல். வேடிக்கை என்னவென்றால், 1956இல் மில்லர் எழுதிய அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இதே பட்டியல் இருக்கிறது. ஏழு அதிசயம், ஏழு கடல், ஏழு ஸ்வரம், வாரத்துக்கு ஏழு நாள் எல்லாவற்றையும் அவரே அடுக்கிவிட்டு, இது வெறும் தற்செயலாகத்தான் இருக்கும் என்று கிண்டலாக முடிக்கிறார். கட்டுரையைத் தொடங்கும்போதே, ஒரு முழு எண் என்னைத் துரத்தித் துரத்தி வதைக்கிறது என்று கேலியாகத்தான் தொடங்குவார். அவர் கேலி செய்ததை 70 வருடம் கழித்து நாம் பொன்னாடை போர்த்திக் கேட்கிறோம். 2001இல் கோவன் என்ற உளவியலாளர், உருப்போடவும் சேர்த்துக் கட்டவும் இடம் கொடுக்காமல் அளந்தால் அது நாலுக்குப் பக்கத்தில்தான் வருகிறது என்று எழுதிவிட்டார். நாலுக்கு நம் முன்னோர்கள் வைத்தது எது? நாலு வேதம், நாலு திசை, நாற்காலி.

"படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம்தான் நினைவில் நிற்கும்" என்கிற பிரமிடைப் பற்றி எழுதக் கைவலிக்கிறது. அதற்கு மூலம் என்று சொல்லப்படுகிற, எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் போட்ட கூம்பில் ஒரு சதவீதமும் கிடையாது. பின்னால் யாரோ ஒட்டியது.

ஆனால் "படிச்சதையே திரும்பத் திரும்ப வாசிங்க" என்று அவர் கொடுத்த அறிவுரையை மட்டும் சும்மா விட முடியாது. அது என் சொந்தக் காயம். பிளஸ் டூவில் நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து உயிரியல் புத்தகத்தை ஏழு தடவை வாசித்தேன். அடிக்கோடு போட்டுப் போட்டுப் பக்கம் முழுக்கச் சிவப்பு. எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. பரீட்சை ஹாலில் அந்தப் பக்கத்தின் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வந்தது, கோட்டுக்கு மேலே இருந்தது வரவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, சித்தப்பாதான் சொன்னார்: "புள்ள உழைக்கல." அதை நான் பத்து வருடத்துக்கு மேல் நம்பினேன்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் இரண்டு முறை வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் வந்ததை எழுதிப்பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் கொஞ்சம் முன்னால், நினைவில் நின்றது 81 சதவீதம், எழுதிப்பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ், 42க்கு 56. ஐந்து நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் சித்தப்பா ஜெயித்திருப்பார். ஒரு வாரம் காத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் கேட்ட விதம். நான் உழைக்காமல் இல்லை. அதை எனக்குச் சொல்ல ஒரு சோதனை தேவைப்பட்டது, வீட்டில் யாரும் சொல்லவில்லை.

இப்போது கமெண்டில் வரப்போவதற்கு முன்கூட்டியே பதில்.

"இதெல்லாம் அமெரிக்கக் காலேஜ் பசங்களை வெச்சுப் பண்ணினது, நமக்குப் பொருந்தாது." இது நியாயமான கேள்வி, மதிக்கிறேன். 2010இல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரின் குழு இதையே விரிவாக எழுதி, துறையையே தலைகுனிய வைத்தது. ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே, 1901-02இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இந்தப் பார்வைச் சோதனைகளைச் செய்தார். நம் லேபில் இருக்கிறதே முல்லர்-லையர் பலகை, அம்பு நுனி வைத்த கோடு, நுனி திரும்பும் பக்கத்தைப் பொறுத்து ஒரே நீளம் வேறு வேறாகத் தெரியுமே, அதில் ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். ஒரே நீளமான குத்துக்கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரிகிற மாயையில் அதிகமாக ஏமாந்தார்கள். 'நாகரிகமில்லாதவர் எல்லாவற்றிலும் எளிதில் ஏமாறுவார்' என்ற நினைப்பும் விழுந்தது, 'கண் எல்லோருக்கும் ஒன்றுதான்' என்ற நினைப்பும் விழுந்தது. சோதனை நமக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குப் பதில், இங்கே செய்து பார்ப்பது. அந்த மூன்று பிள்ளைகள் தமிழில் அட்டை செய்தது எதற்காம்?

"திரும்பச் செய்தால் பாதி சோதனைகளில் அதே முடிவு வருவதில்லையாமே?" வருவதில்லைதான். 2015இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது உளவியல்காரர்களேதான். தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்து தெருவில் ஒட்டிய துறை வேறு எது? ஸ்ட்ரூப் அட்டை எங்கள் மேஜையில் வருடா வருடம் வருகிறது. அடுத்த கேள்வி.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" நான் பி.எஸ்சி. சேர்ந்தபோது "பைத்தியக்கார டாக்டரா?" என்று கேட்டார்கள். இப்போது கொஞ்சம் முன்னேறி, "என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறார்கள். வேலைக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இயற்பியல் துறை விழாவில் பெண்டுலத்தைத் தூக்கிப் பிடித்து "ஆடுறது எங்க ஆத்தாவுக்கே தெரியும்" என்று எவராவது சொல்வாரா? சொல்ல மாட்டார். எங்களிடம்தான் சொல்லலாம். எங்கள் லேப் என்பது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் சொற்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டுகிற, மோட்டார் போன ஒரு மெமரி டிரம், அட்டெண்டர் அண்ணன் கையால் சுற்றுவார். விழா மேடைக்கு எங்களைக் கூப்பிட்டதே வரவேற்புரைக்குத்தான்.

"பெரியவர் சொன்னதை இவ்வளவு பெருசா எடுத்துக்கணுமா?" பெரியவர்களே சொன்னதுதான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நாங்கள் செய்வது அந்தத் தீர விசாரிப்பது. ஆத்தாக்கள் எங்கள் பக்கம்தான்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974இல் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும், 50 பேரிடம் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள், மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து: உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா? படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'நொறுங்கிய' கூட்டத்தில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், 'இடித்த' கூட்டத்தில் 7, கேட்காத கூட்டத்தில் 6. பத்து வருடத்துக்கு மேல் இதை நடத்துகிறேன், எண்கள் மனப்பாடம்.

இந்தப் பதிவின் முதல் வடிவத்தில், "எல்லோரும் கைதட்டினார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளாக வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டால் சத்தியமே செய்திருப்பேன். அவர் சொன்ன வாசகத்தைச் சரிபார்க்கத்தான் வீடியோவைப் போட்டேன். மேடையில் இடது ஓரம், மாம்பழக் கலர் புடவை. தட்டுகிறேன். பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறேன். அப்புறம் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. மூன்றாவது வரிசையில் அந்தப் பிள்ளைகள், மூன்று பேரும் தட்டவில்லை.

அந்த வரியை அழித்துவிட்டேன்.

அப்புறம், அந்த அட்டை பொன்னாடை, பூங்கொத்தோடு சேர்ந்து அவர் காரில் போய்விட்டது. புதன்கிழமை பிராக்டிகல், வேறு அட்டை இல்லை. அவருடைய டிரைவர் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் போடுங்கள்.