எங்கள் மலையில் நடக்கும் கொலைக்கு எங்கள் மேல் ஏன் சந்தேகமே வருவதில்லை?

போன வாரம் நீலகிரியில் நடப்பதாக ஒரு க்ரைம் திரில்லர் பார்த்தேன். பெயர் வேண்டாம், இது அந்த ஒரு படத்தின் பிரச்சினை இல்லை. எஸ்டேட் பங்களா, ராத்திரி, பனி, ஒரு பிணம். துப்புத் துலக்க வரும் அதிகாரி கீழே இருந்து வருகிறார். சந்தேகப்படும் மூன்று பேரும் கீழே இருந்து வந்தவர்கள்தான். மலையிலேயே வாழ்கிற நாங்கள்? ஒரு வாட்ச்மேன், தேயிலைக் கொழுந்து பறிக்கும் நாலு பெண்கள், காட்டுக்குள் எதையோ முணுமுணுக்கும் ஒரு கிழவர்.

அந்தக் கிழவரைத்தான் மறக்க முடியவில்லை. குறும்பராம், மந்திரம் வைப்பாராம். தோளில் கிடப்பதோ தோடர்கள் போர்த்தும் சிவப்பு, கறுப்புப் பூவேலைப் போர்வை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. படகர்கள் வேறு. படத்தில் எல்லோரும் ஒரே இழுவைத் தமிழ் பேசுகிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். மந்திரம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர்களை அடித்துக் கொன்ற சம்பவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே உண்மையாகவே நடந்திருக்கின்றன. ரசிகனை ஒரு நிமிடம் பயமுறுத்த அந்தக் கதையையா மறுபடி தூக்கி வருவது? எனக்கு மனசு ஆறவே இல்லை.

சரி, அப்படியானால் மலைவாசிகளை நல்லவர்களாகக் காட்டினால் போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. வெள்ளந்தியாகக் காட்டுவதும் ஆளை ஓரங்கட்டும் வேலைதான். 1954-லேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார், ஒரு பாட்டுகூட இல்லாமல். செத்தவரைச் சுற்றியிருந்த ஒவ்வொருவருக்கும் ஆசை, கோபம், மறைக்க ஒரு விஷயம் என்று ஏதோ ஒன்று இருந்தது. அதனால்தான் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் விழுந்தது. இந்த வகைப் படத்தின் உயிரே அதுதான். எங்களுக்கும் அதைக் கொடுங்கள் என்கிறேன். விசாரணை செய்பவர் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பிறந்த படகப் பெண்ணாக இருக்கட்டும். கொன்றவர் எங்களைப் போல ஒரு சிலோன்காரராகவே இருக்கட்டுமே! 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தார். இத்தனை வருஷத்தில் எஸ்டேட்டில் வரிசையாக இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் துரோகமும் கடனும் காதலும் இல்லாமலா போயிருக்கும்?

என் சித்தி ஒரு படப்பிடிப்பில் கூட்டத்தில் நின்றார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்கள், இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் அவிழ்க்கச் சொன்னார்கள். கையில் இருந்த, கொழுந்து வெட்டும் கத்தரியை வாங்கிக்கொண்டு முதுகில் கூடையை மாட்டினார்கள். டிசம்பர் காலை, புல்லெல்லாம் உறைபனி. அவர் நடுங்கியது படத்தில் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனி எங்களுக்கு மர்மம் கிடையாது. உறைபனி விழுந்தால் கொழுந்து கருகும், அந்த மாதம் கைக்கு வருவது குறையும். இருட்டு வேண்டுமென்றால் பங்களாவை விட்டுவிட்டு ஃபேக்டரிக்கு வாருங்கள். பறித்த இலை காத்திருக்காது, வாட்டி அரைத்தாக வேண்டும், அதனால் ராத்திரி இரண்டு மணிக்கும் மெஷின் ஓடும். இலை லாரி எத்தனை மணிக்கு ஏறியது, எடைத் தராசு பக்கத்தில் யார் நின்றார்கள், யார் வீட்டில் விளக்கு எரிந்தது, எல்லாம் என் சித்திக்குத் தெரியும். அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.