நடந்ததை அவனிடம் சொன்னாயா?

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இதுக்காக ஒருத்தனை விட்டுடலாமா?" என்று கேட்டாள். அப்போது பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி மனசிலேயே கிடக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லி அவளே சம்மதம் கொடுத்தாள்.

பழக ஆரம்பித்து நாலு மாதம். நல்ல பையன் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு குடித்துவிட்டு, நடக்க முடியாத நிலையில் இவள் வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறான். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, பாத்ரூம் என்று நினைத்து அவளுடைய துணி அலமாரியைத் திறந்து, உள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டு, திரும்பி வந்து படுத்துத் தூங்கிவிட்டான். இவள் விளக்கைக்கூடப் போடவில்லை. செல்போன் வெளிச்சத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ்த்தட்டில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பக்கெட்டில் போட்டு, பழைய துண்டால் அலமாரியைத் துடைத்து, விடிவதற்குள் இரண்டு முறை அலசிக் காயப்போட்டிருக்கிறாள். பத்து மணிக்கு எழுந்தவன், "நேத்து ரொம்பத் தொல்லை பண்ணிட்டேனா?" என்று கேட்டிருக்கிறான். "இல்லையே, நல்லாத்தான் தூங்கினே" என்று சொல்லியிருக்கிறாள்.

இது நடந்து மூன்று வாரம். துணியெல்லாம் சுத்தமாகிவிட்டது, அலமாரியில் இப்போது எந்த வாடையும் இல்லை. ஆனாலும் அதைத் திறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அவன் போன் வந்தால் எடுக்கப் பிடிக்கவில்லை. பிரிந்துவிடலாமா, ஒரு விபத்துக்காக மனுஷனை விடுவது கொடூரமா, இதுதான் அவள் கேள்வி.

நான் முதலில் கேட்டது, "நடந்ததை அவன்கிட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை. சொன்னால் கூனிக்குறுகிப் போவான், பாவம் என்றாள். அந்த "பாவம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. காரணம் உண்டு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்றேன். அப்போது நான் பழகிக்கொண்டிருந்தவர், மூன்றாவது மாதத்தில், என் தோழி வீட்டில் குடித்துவிட்டு விழுந்து அவர்கள் கண்ணாடி மேசையை உடைத்தார். சோபாவில் வாந்தி எடுத்தார். மறுநாள் காலையில் தோழிக்குப் போன் செய்து, "அவருக்கு ரெண்டு நாளா காய்ச்சல், மாத்திரை போட்டிருந்தார், அதோட குடிச்சதுல இப்படி ஆயிடுச்சு" என்றேன். காய்ச்சலும் இல்லை, மாத்திரையும் இல்லை. தோழி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அவருக்குக் கண்ணாடி எங்கேயும் குத்தலையே?" என்று மட்டும் கேட்டாள். நான் பொய் சொல்வதைக் கேட்டபடி அவர் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் நன்றாகச் சமாளித்தாய் என்பதுபோல் ஒருமுறை தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவருக்காக அவர் அலுவலகத்துக்கும், அவர் வீட்டு ஓனருக்கும், என் அம்மாவுக்கும் பொய் சொன்னேன். கடைசியில் பிரிந்தேன். பிரிந்ததில் வருத்தம் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் என்ன செய்தார் என்பதை அவர் முகத்துக்கு நேரே முழுசாகச் சொல்லவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் குடித்ததற்கு நான் பொறுப்பில்லை, அந்தப் பையன் குடித்ததற்கு இவளும் பொறுப்பில்லை. "நீ முன்னாடியே கண்டிச்சிருக்கணும்" என்று பெண்கள் தலையில் கட்டும் பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஆகாது. நான் பேசுவது வேறு விஷயம். ஒருவரோடு இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க, தான் செய்தது தெரிந்த பிறகு அந்த ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்தாக வேண்டும். அவருக்குத் தெரியவே விடாமல் செய்துவிட்டு எதை வைத்து முடிவெடுப்பது?

"அவனுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா, இல்ல நடிக்கிறானா?" என்று அவள் கேட்டாள். பெரும்பாலும் நிஜம்தான். வேகவேகமாக நிறையக் குடிக்கும்போது, குறிப்பாக வெறும் வயிற்றில் குடிக்கும்போது, ரத்தத்தில் ஆல்கஹால் சட்டென்று ஏறுகிறது. மூளையில் புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. ஆள் நடப்பார், பேசுவார், கதவைத் திறப்பார், ஆனால் எதுவும் பதியாது. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். 1970 வாக்கில் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வினும் அவர் குழுவும் குடிநோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நன்றாகக் குடிக்கவைத்து ஒரு பொருளைக் காட்டி, இரண்டு நிமிஷம் கழித்துக் கேட்டால் சரியாகச் சொன்னவர்களிலேயே சிலருக்கு, அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது அந்தப் பொருளே நினைவில் இல்லை. மறுநாளும் வரவில்லை. மறந்துபோனது என்றால் யோசித்தால் வரலாம். பதியவே இல்லாதது எத்தனை யோசித்தாலும் எங்கிருந்து வரும்?

உடம்பின் கணக்கும் இப்படித்தான். சிறுநீர் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்குகிறது. அதனால் குடித்த ராத்திரியில் சிறுநீர்ப்பை சீக்கிரம் நிரம்பும், ஆழ்ந்த போதைத் தூக்கத்தில் அந்த உணர்வு சரியாக எட்டாது. படுக்கை நனைவதும், பாதித் தூக்கத்தில் தப்பான கதவைத் திறப்பதும் இதனால்தான். அவளை அவமானப்படுத்த வேண்டும் என்று அவன் செய்யவில்லை. இதை அவளிடம் சொன்னபோது அவள் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

ஆனால் நினைவு பதியாத அளவுக்குக் குடிப்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. குடிப்பழக்கம் ஆபத்தான அளவுக்குப் போகிறதா என்று பார்க்க டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துவது. மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அதில் எட்டாவது கேள்வி, குடித்ததால் முந்தின ராத்திரி நடந்தது நினைவில் இல்லாமல் போனது கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை என்பது. பத்தாவது கேள்வி, உறவினரோ நண்பரோ டாக்டரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டோ, குறைக்கச் சொல்லியோ இருக்கிறார்களா என்பது.

இந்த இரண்டுக்கும் அந்தப் பையன் இன்றைக்கு என்ன பதில் எழுதுவான் என்று யோசித்துப் பாருங்கள். "நல்லாத்தான் தூங்கினே" என்று கேட்டவன், இரண்டிலும் பூஜ்யம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பான். பொய்யும் சொல்லவில்லை. அந்த ராத்திரியின் ஞாபகம் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அவள் அதை விடியுமுன் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்பார்கள். விடிந்ததும் யாரும் எடுத்துச் சொல்லாததாலும் எத்தனையோ போயிருக்கிறது.

இதெல்லாம் யாருக்கும் அடி விழாத, உடம்பு தன் கட்டுப்பாட்டை இழந்த மாதிரி விஷயங்களுக்கு. போதையில் கை நீட்டியது, கழுத்தைப் பிடித்தது, வேண்டாம் என்று சொல்லியும் படுக்கையில் விடாதது, பக்கத்தில் உட்காரவைத்து வண்டி ஓட்டியது, இவையெல்லாம் விபத்துக் கணக்கில் வராது. அங்கே உட்கார்ந்து பேசிப் பார் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், பேச்சு அப்புறம். ஞாபகம் இல்லை என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், உங்கள் உடம்பில் விழுந்தது விழுந்ததுதான்.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கூச்சம் என்றால், ஒரு பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். கத்துவான், பொருளைத் தூக்கி எறிவான், ஒரு வாரம் பேசாமல் தண்டிப்பான் என்று நாலாவது மாதத்திலேயே பயம் வருகிறதென்றால், அப்புறம் அவனிடம் சொல்லிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. என் விஷயத்தில் இருந்தது பயம்தான். அதற்கு நான் அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவன் தெளிந்திருக்கும்போது சொல். தெளிவதற்குக் குறுக்கு வழி இல்லை. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஒரு டிரிங்க் அளவைத்தான் உடைக்கும், காபியும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் அதை வேகப்படுத்தாது. இத்தனை நாள் ஆகிவிட்டதே என்று தயங்காதே. கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். எத்தனை மணிக்கு எழுந்தாய், எந்தக் கதவைத் திறந்தாய், எந்தத் துணி நனைந்தது, நான் எப்படித் துடைத்தேன், ஏன் அன்றைக்கு மறைத்தேன். அவ்வளவுதான். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டைக்குப் போய்விடும், அலமாரி மறந்துபோகும்.

சொன்ன பிறகு என்ன வருகிறது என்று பார். முதல் அரை மணி நேரத்தில் வருவதை வைத்து எடைபோடாதே. வெட்கம் சில பேருக்கு முதலில் எரிச்சலாகத்தான் வெளியே வரும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து என்ன பேசுகிறான் என்று பார். "நீ ஏன் என்னைத் தடுக்கலை?" என்கிறானா? அடுத்த வாரம் நண்பர்கள் நடுவே இதையே சிரிப்புக் கதையாக்குகிறானா? இல்லை, எந்தெந்தத் துணி போனது என்று கேட்கிறானா? தலையில் அடித்து "இனிமே தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அப்படிப்பட்ட சத்தியங்களை நான் ஆறேழு முறை வாங்கியிருக்கிறேன். "இந்த வருஷத்துல இதுமாதிரி இன்னும் ரெண்டு தடவை ராத்திரி ஞாபகமில்லாம போயிருக்கு" என்று கேட்காமலே சொல்கிறவனை நம்புவேன். அதைச் சொல்ல வாய் கூசும். கூசியும் சொல்கிறான் இல்லையா, அதனால்.

அப்புறம், எல்லாம் நல்லபடியாகப் பேசி, அவனும் நல்லபடியாக நடந்து, அதற்குப் பிறகும் உனக்கு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். நாலு மாதப் பழக்கம் இது. பிரிவதற்கு அவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சின்ன வயதில் குடிக்கிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வாடை ஒருமுறை வந்தாலே போதும், உடம்பு ஒத்துக்கொள்ளாது. அதை யாரும் கொடூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போ. "எனக்கு இப்போ டைம் சரியில்லை", "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று வேறு கதை கட்டிவிட்டுப் போனால், அவன் அடுத்த அலமாரியைத் திறக்கும்வரை அவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இடையில் ஒரு அவசர விஷயம், படிக்கும் எல்லோருக்கும். அளவுக்கு மீறிக் குடித்தவர் தூங்கட்டும் என்று மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். உலுக்கியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் யார் திட்டுவார்கள் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் அவள் போன் செய்தாள். சொல்லிவிட்டாளாம். அவன் முதலில் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். சாயம் இறங்கிப்போன நீலக் குர்தா ஒன்று அங்கே மடித்து வைத்திருந்தது. அதைக் கையில் எடுத்து, "இத்தனை நாளா இதை நீ மட்டுமே வச்சிட்டு இருந்தியா?" என்று கேட்டானாம். வேறு எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி ஒரு நீளமான மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இன்னும் முடிவு பண்ணலக்கா" என்றாள். "ஆனா இன்னைக்குக் காலைல ஆபீஸுக்குத் துணி எடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கல. கதவை மூடினப்புறம்தான் அது எனக்கே தெரிஞ்சுது."