அக்காவின் அட்டை அக்காவின் வம்சத்தில் வரட்டும்

அக்காவும் அத்தானும் கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகளோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு யோசனை. தாய்லாந்துக்குப் போங்கள், 50 வயது ஆனாலே போதும் என்கிறார் ஒருவர். அதற்கு வங்கியில் 8 லட்சம் பாட் கிடக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அது இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் அங்கேயா இருக்கிறார்கள்?

இந்தியாவில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று தனி விசா கிடையாது. சுற்றுலா விசா குடியிருப்பதற்கு ஆகாது. நமக்குப் பொருத்தமானது, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைதான். ஆயுள் முழுக்கப் போய் வரலாம், எத்தனை நாள் தங்கினாலும் போலீஸ் பதிவு வேண்டாம். அது குடியுரிமை இல்லை என்பதால் நம் மலேசியக் குடியுரிமையும் போகாது. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தென்னந்தோப்பு வாங்கும் கனவில் இருந்த அத்தானுக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். அத்தானுடைய தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. அதனால் அத்தான் வம்சாவளியில் எடுக்கட்டும், அக்காவை மனைவி என்று சேர்த்துவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். முடியும்தான். ஆனால் அதற்குத் திருமணம் பதிவு செய்யப்பட்டு 2 வருடமாவது நீடித்திருக்க வேண்டும், தனியாகப் பாதுகாப்பு விசாரணையும் உண்டு. புதுப் பாஸ்போர்ட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் திருமணம் நீடிக்கிறது என்று உறுதி எழுதித் தர வேண்டும். மணமுறிவு ஆனால் அட்டையை ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 1980இல், ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். மலேசியாவில் திருமணப் பதிவுச் சட்டம் அமலுக்கு வந்ததோ 1982 மார்ச் 1. அதற்கு முன் சம்பிரதாயப்படி நடந்த கல்யாணம் செல்லும், ஆனால் கையில் பத்திரம் இல்லை. இப்போதாவது பதிந்துகொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. அதைக் கண்டிப்பாகச் செய்யத்தான் வேண்டும்.

ஆனாலும் அட்டையை அக்கா தன் வழியிலேயே எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். எங்கள் தாத்தாவும் நாமக்கல் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பல் ஏறி வந்தவர்தான். தாத்தா பாட்டி, அவர்களுக்கும் முந்தைய தலைமுறை வரை வம்சத்தைக் காட்டச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 30 வருடம் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவள், எழுபதை நெருங்கும் வயதில் எதற்காக இன்னாருடைய மனைவி என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்?

சிரமம் தாள்களில்தான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஆபீஸ் பதிவேடுகள் போன இடம் தெரியவில்லை. தாத்தாவின் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டை மட்டும் அண்ணன் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடைத்தது, பிறந்த இடம் இந்தியா என்று அதில் இருக்கிறது. அக்கா, அப்பா, தாத்தா என்று சங்கிலி அறாமல் இருக்க அப்பாவின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதன் நகலுக்கு எழுதிக் கொடுக்கத் திங்கட்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு பிறப்பு, அடையாள அட்டைப் பதிவுகளைக் கவனிக்கும் பதிவிலாகாவுக்குப் போகிறேன்.