கடைசியில் இல்லை, முதலில் பார்க்கட்டும்

அபிவிருத்திக் கூட்டத்தில் எடுத்த அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் நட்புப் பட்டியலில் இருக்கிற கொஞ்சப் பேர் சிரிக்கிற முகம் போட்டுப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். நான் அதை இங்கே திரும்பப் போடப் போவதில்லை. நாரி (கீழ் முதுகு) நோ, முழங்கால் நோ, தோள்மூட்டு நோ என்று வருகிறவர்களை அரச ஆஸ்பத்திரியில் இயன் மருத்துவர், அதுதான் பிசியோ, முதலில் பார்க்கிற மாதிரி ஒரு கிளினிக் தொடங்கலாமா என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. வந்த பதில், "பிடிச்சு விடுறவங்களும் இனி டொக்டர் ஆகப் போறீங்களோ?" மண்டபமே சிரித்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டது.

கோபத்தில் எழுதக் கூடாது என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. சிரித்தவர்களில் எனக்குப் படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள். என் அப்பா நாரியைப் பிடித்துக்கொண்டு நடந்த காலத்தில் வீட்டுக்கு வந்து உச்சுக் கொட்டியவர்களும் இருக்கிறார்கள். அதுதான் கூட நோகிறது.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். எலும்பு, மூட்டு, தசை நோவோடு வருகிற ஆளை இயன் மருத்துவர் கடைசியில் இல்லை, முதலில் பார்க்கட்டும். ஒப்பரேஷன் செய்ய விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. விபத்தில் கால் முறிந்தவரைத் தங்களிடம் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. முதலில் பார்க்க விடுங்கள் என்றுதான் அந்தப் பிள்ளை கேட்டது.

இப்போது நடப்பது நம் திருகோணமலை மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? ஈச்சிலம்பற்றையிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ விடியற்புறம் பஸ் ஏறி வந்து, ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு எடுத்து, வாங்கில் காத்திருந்து உள்ளே போனால், டொக்டருக்கு முன்னால் இருக்கக் கிடைக்கிற நேரம் சொற்பம். அதில் டொக்டரைக் குறை சொல்ல ஏலாது. காய்ச்சல்காரரும் சீனி வருத்தக்காரரும் கைப்பிள்ளையோடு வந்த தாய்மாரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர் குளிசை எழுதுவார். நோ நிற்காவிட்டால் திரும்ப வரவேண்டும். அப்போது எக்ஸ்ரே. பிறகு எலும்பியல் கிளினிக்குக்குத் திகதி. அந்தத் திகதி வருவதற்குள் ஆள் தொழிலை விட்டிருப்பார், இல்லாவிட்டால் நகையை அடகு வைத்துத் தனியாரில் ஸ்கான் எடுத்திருப்பார். கடைசியில் நிபுணர் பார்த்துவிட்டு, "ஒப்பரேஷன் தேவையில்லை, பிசியோவுக்குப் போங்க" என்று எழுதித் தருவார். மாதக்கணக்காகச் சுற்றிக் கடைசியில் போய்ச் சேருகிற அறைக்கு முதல் நாளே போனால் யாருக்கு என்ன நட்டம்?

என் அப்பா திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு நாரி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள் குனிந்தவர் நிமிர முடியாமல் நின்றார். நோ பிட்டத்திலிருந்து கால் வரைக்கும் இறங்கியது. நான் மேலே சொன்ன சுற்று முழுவதும் அவரும் சுற்றினார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து "எலும்பு தேஞ்சு போச்சு" என்று யாரோ சொன்னார்கள். அன்றையிலிருந்து குனிந்தால் முள்ளந்தண்டு உடைந்துவிடும் என்று நம்பினார். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையிலேயே இருந்தார். செருப்பைக்கூட அம்மாதான் போட்டுவிட்டா.

பிசியோ அறைக்குப் போனபோது நான் கூட இருந்தேன். அந்த மிஸ் உடனே எந்த மெஷினையும் கொழுவவில்லை. இருக்க வைத்து முழுக் கதையும் கேட்டா. கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் கீழே அமத்திப் பார்த்தா. இரண்டு காலையும் அப்படிப் பார்த்தா. முழங்காலுக்குக் கீழும் குதிக்கு மேலும் சின்னச் சுத்தியலால் தட்டினா. பிறகு குரலைத் தணித்து, "ஐயா, சலம் போறதில ஏதும் வித்தியாசம் இருக்கோ? இருக்கிற இடம் மரத்த மாதிரி இருக்கோ?" என்று கேட்டா. அப்பா வெட்கத்தில் என்னைப் பார்த்தார். நான் வெளியில் போக எழும்பினேன். "இல்ல பிள்ள, அப்படி ஒண்டும் இல்ல" என்றார். பிறகுதான் ஒரு படுக்கை விரிப்பை முறுக்கிக் கட்டில் காலில் கட்டி, "வலை இழுக்கிறது எப்படி எண்டு காட்டுங்க ஐயா" என்றா. அவ்வளவு நாளும் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அப்பா இழுத்துக் காட்டினார். எங்கே பிழை விடுகிறார், காலை எப்படி வைக்க வேண்டும், வீட்டில் என்ன பயிற்சி, என்ன நடந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்று எல்லாவற்றையும் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னா. குனியலாம், ஒன்றும் உடையாது என்றும் சொன்னா. அந்த வருசமே அப்பா திரும்பக் கரைக்குப் போனார். இதை முதல் கிழமையிலேயே சொல்லியிருந்தால், கதிரையில் போன அந்தக் காலம் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

"புற்றுநோயைத் தவற விட்டால் யார் பொறுப்பு?" என்று காணொளிக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். அந்த மிஸ் சலத்தைப் பற்றிக் கேட்டது சும்மா இல்லை. முள்ளந்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக்கட்டு நெரிபட்டால் சலம், மலம் கட்டுப்பாடு போகும், தொடைகளுக்கு இடையில் மரக்கும். அது அவசர ஒப்பரேஷன் கேஸ். காரணமில்லாமல் உடம்பு மெலிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, முன்பு புற்றுநோய் வந்ததா, ராத்திரியில் படுத்தாலும் நோ விடாமல் இருக்கிறதா, விழுந்தாரா, நெடுநாள் ஸ்டீரொயிட் குடித்தவரா என்றெல்லாம் கேட்பதும் அவர்களுடைய படிப்புத்தான். சந்தேகம் வந்தால் அதே நேரத்தில் டொக்டரிடம் அனுப்புவார்கள். நிற்க நேரமில்லாத ஓபிடி வரிசையில் இந்தக் கேள்விகள் எத்தனை பேரிடம் கேட்கப்படுகின்றன என்று நீங்களே போய் நின்று பாருங்கள். தவற விடுகிற பயம் உண்மையாகவே இருக்கிறவர், நேரம் எடுத்துச் சோதிக்கிற ஆள் முதலில் பார்க்க வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும்?

இது ஏதோ நம் ஊர்ப் பிள்ளைகளின் பேராசை என்று நினைக்கிறவர்களுக்கு: அவுஸ்திரேலியாவில் 1976இலிருந்தே டொக்டரின் துண்டு இல்லாமல் பிசியோவிடம் நேரே போகலாம். அங்கே குயின்ஸ்லாந்து மாநில அரச ஆஸ்பத்திரிகளில், எலும்பியல் நிபுணருக்காகக் காத்திருக்கிற அவசரமில்லாத நோயாளிகளை அனுபவமுள்ள பிசியோக்கள் முதலில் பார்க்கிற கிளினிக்குகள் நடக்கின்றன. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரின் இடத்திலேயே பிசியோ முதல் ஆளாகப் பார்க்கிறார். 2013இலிருந்து அங்கே அதற்கென்று மேற்படிப்புப் படித்த பிசியோக்கள் மருந்தே எழுதலாம். நம்மவர்கள் கேட்டது அதில் கால்வாசிகூட இல்லை.

நாரி நோ ஒரு சின்ன விஷயமும் இல்லை. 2020இல் உலகத்தில் 61 கோடி 90 லட்சம் பேருக்கு அது இருந்ததாகக் கணக்கு. மனிதரை முடக்கிப் போடுகிற காரணங்களில் உலகத்திலேயே முதலாவது அதுதான். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒப்பரேஷன் செய்ய ஒன்றுமே இல்லை. ஸ்கான் எடுத்தால்தான் நம்பிக்கை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோவே இல்லாதவர்களை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 20 வயதுக்காரரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிற தட்டு) தேய்வு இருந்தது. 80 வயதுக்காரரில் 96 சதவீதம். இந்த ஒரு விஷயத்தை யாராவது அப்பாவுக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால் போதும்.

"பிசியோவுக்குப் போனேன், சூட்டு லாம்ப் பிடிச்சு விட்டாங்க, ஒண்டும் மாறல" என்று எழுதியவர்களையும் பார்த்தேன். உண்மைதான், லாம்ப் மட்டும் பிடித்தால் மாறாது. நாட்பட்ட நாரி நோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் விட்ட வழிகாட்டலில், பெல்ட்டும் இழுவை மெஷினும் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. பயிற்சியும் விளக்கமும்தான் முன்னுக்கு நிற்கின்றன. ஆனால் வருகிற துண்டிலேயே "ஹீட், ட்ரக்ஷன்" என்று எழுதியிருந்தால், பிசியோ அதை மீறி என்ன செய்வது? அவர்களை மெஷின் போடுகிற ஆளாக வைத்திருப்பதே இந்த வரிசைதான். வரிசையை மாற்றாமல் "அவங்களுக்கு லாம்ப் பிடிக்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்வது அநியாயம்.

படிப்புப் பற்றியும் கேட்டீர்கள். கொழும்பிலும் பேராதனையிலும் நாலு வருசப் பட்டப்படிப்பு. உடற்கூற்றியல், நரம்பு, எலும்பு, நெஞ்சு என்று எல்லாம் படித்து, வார்டில் நின்று பழகித்தான் வெளியில் வருகிறார்கள். நம் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளை மதிக்கிறோம். நெறிவு முறிவு பார்க்கிற பரியாரியாரிடம் ஒரு கேள்வி கேட்காமல் காலை நீட்டுகிறோம். இவர்களிடம் மட்டும்தான் தகுதி கேட்கிறோம்.

ஆளணி காணாது என்கிறார்கள். காணாதுதான். அதற்கு ஆள் எடுக்க வேண்டும், சிரிக்க வேண்டியதில்லை.

இன்னொருவர், "உங்கட தங்கச்சி பிசியோ, அதனாலதான் பொங்குறீங்க" என்று எழுதியிருக்கிறார். ஓம், என் தங்கச்சி பிசியோதான். அப்பாவைத் திரும்ப நடக்க வைத்ததைப் பார்த்துத்தான் அவள் அந்தப் படிப்புக்கே விண்ணப்பித்தாள். தமிழில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் உடற்கூற்றியல் பாடமாக்கி ராத்திரியில் அழுததை நான் பார்த்தேன். பக்கவாதம் வந்து விழுந்தவரைத் தன் தோளில் சாய்த்து முதல் அடி வைக்க வைக்கிறாள். கொரோனா வார்டில் மூச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்து வீட்டு வாசலிலேயே நின்று குளித்தாள். சண்டையில் கால் போனவர்களுக்குப் பொய்க்கால் பூட்டினால் மட்டும் நடந்துவிடுவார்களா? ஒருத்தர் பக்கத்தில் நின்று விழ விழத் தூக்கிப் பழக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அப்படி நடக்கப் பழகியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! அந்தச் சிரிப்பு அவர்களின் காதிலும் விழுந்திருக்கும்.

அந்தக் காணொளியைத் தங்கச்சிக்கு அனுப்பியது ஒரு சொந்தக்காரர். "பாத்தியா, உங்கள நல்லாக் குடுத்திருக்கிறார்" என்ற குறிப்போடு. அவள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வழமை போல ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். அப்பாதான் சாப்பிடாமல் இருந்தார்.

அடுத்த அபிவிருத்திக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் என் பட்டியலில் இருக்கிறீர்கள், யார் என்று உங்களுக்கே தெரியும். கிழமையில் இரண்டு காலை, ஒரு அறை, இரண்டு கட்டில், அனுபவமுள்ள ஒரு பிசியோ, தேவைப்பட்டால் எக்ஸ்ரேக்கு நேரே எழுதும் அனுமதி, சந்தேகமான கேஸை அன்றைக்கே எலும்பியல் நிபுணரிடம் காட்ட ஒரு வழி. இதைக் கேளுங்கள். ஆறு மாதம் நடத்திவிட்டு, எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பேருக்கு நிபுணரே தேவைப்படவில்லை என்று எழுதி வைத்துப் பாருங்கள். சரி வராவிட்டால் மூடுங்கள்.

பின்னூட்டத்தில் யாரும் வாதாடலாம், பதில் சொல்வேன். "பிடிச்சு விடுறவங்க" என்று எழுதினால் அழிப்பேன். தங்கச்சியும் இந்தப் பக்கம் பார்க்கிறவள்.